எட்டுக்கு அப்பாலுள்ள எண்

நான் பணியாற்றி ஓய்வுபெற்ற நூலகத்தில், நூல்களைப் புரட்டி விடை தேடிச் சொல்லும் உசாத்துணைப் பகுதியில், கேள்விகளுக்கென்றே தனியாக ஒரு தொலைபேசி இருந்தது. அது சென்ற மாதம் அகற்றப்பட்டுவிட்டது. அங்கே இப்போது வேலை செய்யும் இளையவர்கள் இருவர் என் வீட்டிற்கு வந்து இச்செய்தியைச் சொல்லிவிட்டு, “சேர், அந்த ஃபோனில சனம் உண்மையா என்னதான் கேட்டவை?” என்று வினவினர்.

“எல்லாந்தான். முயலுக்கு வேப்பமிலை குடுக்கலாமோ எண்டதிலிருந்து, மொசார்ட்டின்ர மனிசிக்கு என்ன பேர் எண்டது வரைக்கும்” என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். சட்டைப்பையிலிருக்கும் கருவியைத் தட்டினாலே விடை கிடைக்கும் காலத்தில் வளர்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? எனினும் விடைபெறும்போது, “எழுதித் தாங்கோ சேர்” என்று அவர்களே கேட்டுக்கொண்டனர். நம் சங்க மலரின் ஆசிரியரும் நெடுநாளாகக் கட்டுரை கேட்டு வருகிறார். ஆதலால் இரு வேண்டுகோளையும் ஒருமிக்க நிறைவேற்ற முற்படுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுக் கடையொன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். பல்கலைக்கழகக் கல்வி எனக்கு வாய்க்கவில்லை. வாசிப்பே என் கல்வி. எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவியோடும் பிள்ளைகளோடும் மாவோரி மக்களின் பூர்வீக மண்ணான இத்தீவு நாட்டின் இந்நகருக்கு வந்து, புறநகரான ரானுயியில் வாடகை வீடெடுத்து, ஒனிஹங்காவில் ஒரு கம்பளிக் களஞ்சியத்தில் பொதி சுமந்தேன். பின்னர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நூல் எடுத்துக் கொடுக்கும் ஊழியனானேன். அங்கிருந்து மேல்தளத்து மேசைக்கு என்னை ஏற்றியவர் மிஸ் கார்னி. அவர்தாம் உசாத்துணைப் பகுதியின் தலைவி.

மிஸ் கார்னி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயரமான, மெலிந்த, எப்பொழுதும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை அணிந்த பெண்மணி. அவர் கையிலிருந்த பென்சில் எழுதுவதைவிடச் சுட்டுவதற்கே அதிகம் பயன்பட்டது. “எனக்குத் தெரியும்” என்னும் சொல்லை எங்கள் மேசையில் அவர் அனுமதிக்கவில்லை. எவருக்கு எது தெரிந்திருந்தாலும், “காட்டுங்கள்” என்பார். பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். அதன் பிறகே தொலைபேசியில் மறுமொழி சொல்லலாம். அப்போதும் நூலின் பெயர், பதிப்பு, பக்கம் மூன்றையும் சொல்லியாக வேண்டும். தேடியது அகப்படாவிட்டால் “இல்லை” என்று சொல்லக்கூடாது. “நாங்கள் காணவில்லை” என்றே சொல்ல வேண்டும். இரண்டுக்குமுள்ள தூரத்தை நான் விளங்கிக்கொள்ளச் சில மாதங்கள் ஆயின.

இன்னொரு வழக்கமும் இருந்தது. தேடத் தொடங்குமுன் கேட்டவரிடம் நாம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: “இந்த மறுமொழியைக் கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?” ஆரம்பத்தில் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறர் காரியத்தை ஆராய்வது மரியாதையன்று என்று வளர்க்கப்பட்டவன் நான். மிஸ் கார்னியோ, “கேள்வி பிழைத்தால், சரியான மறுமொழியும் வீண்” என்று சொல்லிவிட்டுப் பென்சிலால் தொலைபேசியைச் சுட்டுவார்.

அவருடைய முறையை நான் முழுதாக உணர்ந்தது ஒரு மழைக்கோட்டினால். ஒனிஹங்காவில் உடுப்புக்கடை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் அழைத்தார். மழைக்காலத்தில் இந்நகரத்தார் யாவரும் அணியும் ‘பார்க்கா’ என்னும் மேலங்கியின் பெயர் எந்த மொழிச் சொல் என்று அவருக்குத் தெரிய வேண்டும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று முறைப்படி கேட்டேன்.

“என் மைத்துனன் அது மாவோரிச் சொல் என்கிறான். நான் ஆங்கிலம் என்கிறேன். அவனுடைய வாயை அடைக்கப் போகிறேன்.”

ஓர் அகராதியைத் திறந்தேன். அலாஸ்காவை அடுத்த தீவுகளில் வழங்கும் அலூட் மொழிச் சொல் என்றிருந்தது. மிஸ் கார்னியிடம் காட்டினேன்.

“அவர்கள் அதை எங்கிருந்து பெற்றார்கள்?”

“அதை இந்நூல் சொல்லவில்லை.”

“அப்படியானால் நீங்கள் இன்னும் முடிக்கவில்லை.”

அடுத்த நூலில் ரஷ்ய மொழி வந்தது. அதற்கும் அடுத்த நூலில், சைபீரியாவின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் நெனெத்ஸ் மக்களின் மொழி வந்தது. தோலாடை என்பது பொருள். சமோயெதிக் என்னும் மொழிக் குடும்பத்தின் பெயரை என் வாழ்நாளில் முதன்முறையாக வாசித்தது அன்றுதான். உவகையோடு தொலைபேசியை எடுத்தேன். மிஸ் கார்னி என் மணிக்கட்டைப் பென்சிலால் தொட்டார்.

“‘இதற்கு அப்பால் நாங்கள் காணவில்லை’ என்று சொல்லுங்கள். ‘இதுவே வேர்’ என்று சொல்லாதீர்கள்.”

அவ்வாறே சொன்னேன். கடைக்காரர் “அப்படியென்றால் இருவருமே தோற்றோமா?” என்றார். “ஆம், ஐயா” என்றேன். “அவனும் தோற்றானல்லவா, அது போதும்” என்று மகிழ்ச்சியோடு வைத்துவிட்டார்.

இதற்குச் சில காலத்தின் பின் நூலகத்திற்கு ஒரு நன்கொடை வந்தது. உலகப்போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே தபாற்கந்தோரில் வேலை பார்த்த ஒருவர் காலமாகிவிட, அவருடைய மகள் அவர் சேர்த்த நூல்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து இறக்கினாள். சொற்களின் வேர் தேடுவதே அம்மனிதரின் பொழுதுபோக்கு. அவர் காதல்கொண்ட மொழிகள் இரண்டு வகை. ஒன்று, கோக்கசஸ் மலைகளில் வாழும் ஓசெட்டிய மக்களின் மொழி. பாரசீகத்துக்கு உறவு, வடமொழிக்குத் தூரத்துச் சொந்தம். மற்றது, அந்தச் சமோயெதிக் மொழிக் குடும்பம். ஒன்றுக்கொன்று எவ்வித உறவுமில்லாத இவ்விரண்டையும் அவர் ஏன் ஒரே அலுமாரியில் குடியமர்த்தினார் என்பது அவருடைய மகளுக்கும் தெரியவில்லை.

அவற்றை வகைப்படுத்தி அட்டை எழுதும் பொறுப்பை மிஸ் கார்னி எனக்களித்தார். பெரும்பாலானவை ரஷ்ய எழுத்தில் அச்சானவை என்று நான் தயங்கினேன்.

“உங்களுக்கு ஏற்கெனவே இருநூற்றுச் சொச்சம் எழுத்துகள் தெரியும். இன்னும் முப்பது உங்களைக் கொன்றுவிடாது” என்றார்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் அந்நூல்களோடு வாழ்ந்தேன். அட்டை எழுதுவதற்கு முன்னுரை போதும். ஆனால் நான் உள்ளே சென்றுவிட்டேன். நம் நெடுங்கணக்கில் ஙகரம் இருந்தும் அதில் தொடங்கும் சொல்லைத் தேடி நாம் அலைகிறோம். நெனெத்ஸ் மொழியிலோ ‘தலை’ என்பதே ‘ஙேவா’. அவர்களுடைய எண்கள் என்னைப் பெரிதும் கவர்ந்தன. எட்டு என்பது ‘இரு நான்கு’. ஒன்பது என்பது ‘நெனெத்ஸ் பத்து’. நாம் பத்து என்பதை அவர்கள் ஒரு காலத்தில் ‘ரஷ்யப் பத்து’ என்றனராம். தம்முடைய எண்ணிக்கையில் ஒன்பதிலேயே நிறைவு கண்ட மக்கள், அயலார் பத்தோடு வந்தபோது, “அது உங்களுடையது, இது எங்களுடையது” என்று பிரித்து வைத்தனர் போலும். ஓசெட்டிய மொழியிலும் ஒன்பது தனிப்பிறவிதான். எட்டு ‘அஸ்த்’, ஒன்பது ‘ஃபராஸ்த்’, அதாவது எட்டுக்கு அப்பாலுள்ளது. பண்டைத் தமிழில் ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்றொரு சொல் இருந்து வழக்கொழிந்ததை நினைத்துக்கொண்டேன். உலகெங்கும் ஒன்பதுக்கு ஏதோ ஒரு சங்கடம் இருக்கிறது.

இவற்றை வீட்டிலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் டெயரி என்னும் தெருமுனைக் கடைக்குப் புறப்பட்டபோது, “இஞ்சாருங்கோ, முட்டை எத்தினை வாங்கிறியள்?” என்று மனைவி கேட்டார். “ஒன்பது எண்டால் எந்த ஒன்பது?” என்று தொடங்கினேன். “ஒரு டசின் வாங்கிக்கொண்டு வாங்கோ. அதுக்குக் கதை இல்லைத்தானே?” என்று கதவைச் சாத்தினார்.

இனி, என் பணிக்காலத்தில் மிகக் கடினமானது என்று நான் கருதும் கேள்விக்கு வருகிறேன்.

அதைக் கேட்டவர் லெட்சுமி என்னும் தாதி. மலேசியத் தமிழ்ப் பெண்; நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் வேலை. வீடுகளில் மாறி மாறி நடக்கும் வெள்ளிக்கிழமைப் பூசைகளில் நாங்கள் அறிமுகமானவர்கள்.

“அண்ணே, லெட்சுமி பேசுறேன். வார்டுலேர்ந்து.”

“ஓம், சொல்லுங்கோ தங்கச்சி.”

“போன பூசையில, எங்க லைப்ரரில இல்லாத பாஷையே இல்லன்னு பெரிசா அடிச்சு விட்டீங்கல்ல? இப்ப காட்டுங்க லா.”

அவர் சொன்ன விடயம் இது. சோவியத் நாட்டு மீன்பிடிக் கப்பலொன்றிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவரப்பட்டிருந்தார். பெயர் போரிஸ். மூளையில் இரத்தக் கசிவு. உயிர் தப்பிவிட்டது, வலக் கை அசையவில்லை. கப்பல் அவரை விட்டுவிட்டு மீண்டும் கடலுக்குப் போய்விட்டது. கண் விழித்த நாள் முதல் அவர் பேசிக்கொண்டேயிருக்கிறார், ஒருவருக்கும் விளங்கவில்லை. ரஷ்ய மொழி அறிந்த மூதாட்டி ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் பேசியதற்கு நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது ரஷ்ய மொழியே அல்ல, வெறும் உளறல் என்று மூதாட்டி சொல்லிச் சென்றார்.

“நாளைக்கு மத்தியானம் கப்பல் ஏஜெண்டு வாராரு. மூளை குழம்பிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டா, ஊருக்கு வெளியில இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அங்க போய் விழுந்தாருன்னா, அப்பறம் யாருண்ணே இவரைத் தேடிக்கிட்டு வருவா? இங்க இருந்தா பயிற்சி கொடுத்துத் தேத்திடலாம்.”

“அவர் உண்மையா உளறேல்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“உளறுறவங்க நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு சொல்லுவாங்க. இவரு ஒரே வரிய, அதே வார்த்த, அதே வரிசையில, காலைல சாயந்திரம் கேக்குறாரு. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு.”

நான் மிஸ் கார்னியிடம் சென்றேன். கேள்வியையும், மறுமொழியைக் கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் கூறினேன். அவருடைய பென்சில் அசைவற்று நின்றது.

“கப்பலிடம் விசாரித்தார்களா?”

“கப்பல் முகவர் வானொலி வழியாகக் கேட்டாராம். ‘அவர் ரஷ்ய மொழி நன்றாகப் பேசுவார்’ என்று பதில் வந்ததாம்.”

“முகவர் என்ன கேட்டார்?”

“அவருக்கு ரஷ்ய மொழி தெரியுமா என்று.”

மிஸ் கார்னி கண்களை மூடித் திறந்தார். “வேறு என்ன மொழி தெரியும் என்று கேட்கவில்லை” என்றார்.

கப்பலின் தாய்த்துறைமுகம் வடதுருவக் கடலோரத்தில் உள்ளது என்று லெட்சுமி சொல்லியிருந்தார். துருவக் கடலோரம் என்றதும் எங்கள் இருவருடைய பார்வையும் ஒரே வேளையில் ஒரே அலுமாரிக்குச் சென்றது. ஒரு மழைக்காலம் முழுவதும் சமோயெதிக் நூல்களோடு புழங்கியவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. உசாத்துணை நூல் எதுவும் அத்தளத்தை விட்டு வெளியேறக்கூடாது என்பது நூலகத்தின் விதி. எனவே மிஸ் கார்னி வேண்டிய நெனெத்ஸ் பக்கங்களைப் படியெடுத்துத் தந்து, “நூல் போக முடியாது. நீங்கள் போகலாம்” என்றார்.

வைத்தியசாலை நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தது. போரிஸ் என்பவர் அகன்ற தோள்களும் நரைத்த மீசையும் கொண்ட மனிதர். யன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். அவர் கண்களைப் பார்த்ததும், இவை குழம்பிய கண்கள் அல்ல என்று எனக்குப் பட்டது. ஆனால் பட்டதைச் சொல்ல எங்கள் மேசையில் உரிமையில்லை.

அருகிலமர்ந்து நெனெத்ஸ் சொற்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ‘ஙேவா’ என்றேன். ஆறு, கூடாரம், நெருப்பு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இறுதியில் தம் இடக்கையால் என் முழங்கையை மெல்லத் தட்டினார். இந்தப் பாவப்பட்ட மனிதனுக்குச் சித்தம் பிசகிவிட்டது என்று அவர் என்மேல் இரங்கியிருக்கக்கூடும்.

“என்னண்ணே, அவரு உங்களுக்கு ஆறுதல் சொல்றாரு?” என்றார் லெட்சுமி.

“பிழையான அலுமாரி போல கிடக்கு, தங்கச்சி.”

“நீங்களே பேசிக்கிட்டிருந்தா எப்படி? அவரைப் பேச விடுங்க. எண்ணச் சொல்லுங்க. பசி தாகமெல்லாம் ஆளுக்கு ஆளு மாறும். விரலு எல்லாருக்கும் பத்துதான?”

அவர் கட்டிலருகே குனிந்து, நம்மவர் எண்ணும் விதமாகப் பெருவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றார். நோயாளி அக்கையை உற்றுப் பார்த்தார். அப்படி எண்ணும் கையை அவர் கண்டிருக்கமாட்டார். மறுபடி லெட்சுமி முதற் கணுவில் பெருவிரலை வைத்துப் பேசாமல் இருந்தார்.

“இவ்” என்றார் போரிஸ்.

அடுத்த கணு. “துவ்வே.” அடுத்தது. “அர்த்தே.” அவர் குரலில் ஓர் உற்சாகம் ஏறியது. நான் படியெடுத்த தாள்களின் மறுபுறத்தில் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டே போனேன். ஏழுக்கு வந்தபோது “அவ்த்.” “அஸ்த்.” “ஃபராஸ்த்.” “தஸ்.”

லெட்சுமி நிமிர்ந்தார். “எட்டுக்கு அஸ்த்து, பத்துக்கு தஸ்ஸு. அண்ணே, அஷ்டமி, தசமி மாதிரியே இல்ல?”

“ஓம், தங்கச்சி. ஆனா நடுவில நவமியைக் காணேல்லையே.”

அவ்வாறு சொல்லி வாய் மூடுமுன்னரே, எழுதிய தாளை மறுபடி பார்த்தேன். வடமொழிக்கு உறவான மொழிகள் பலவற்றில் எட்டும் பத்தும் இப்படித்தான் ஒலிக்கும். அவற்றில் ஒன்பதுக்கு நவத்தின் சாயலில் ஒரு சொல் இருக்கும். இவர் சொன்ன ஒன்பதின் உள்ளேயோ எட்டு உட்கார்ந்திருந்தது. எட்டுக்கு அப்பால். அலுமாரி பிழையன்று, தட்டுத்தான் பிழை. தாய்த்துறைமுகம் கப்பலுக்குரியது, மாலுமிக்கன்று என்பதை நாங்கள் இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை.

நூலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். “அவர் ஓசெட்டியர்” என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

“காட்டுங்கள்” என்றார் மிஸ் கார்னி.

ஓசெட்டியச் சொற்களின் வேர்களை ஆங்கிலத்தில் விளக்கும் தடித்த நூலை மேசையில் வைத்தேன். என் கையெழுத்திலிருந்த எண்களை நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் பக்கத்தை ஒவ்வொன்றாகத் திருப்பி ஒப்பிட்டார். பத்தும் பொருந்தின. “இரண்டாவது நூல்?” என்றார். அதையும் காட்டினேன். அதன் பிறகே வைத்தியசாலைக்குச் சொல்ல எனக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அது போதவில்லை. பத்து எண்களை ஒப்புவிப்பதைக் கிளியும் செய்யும் என்று எவரேனும் சொல்லலாம். அவர் அறிந்தே பேசுகிறார் என்பதை நாளை முகவரின் முன் காட்ட வேண்டும். அவர் எச்சொல்லைப் பேசுவாரென்று முன்கூட்டித் தெரியாமல் எப்பக்கத்தைப் படியெடுப்பது? இதைக் கூறிவிட்டு மிஸ் கார்னியின் முகத்தைப் பார்த்தேன். அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

மறுநாள் மதியம் நான் புறப்பட ஆயத்தமானபோது, அவர் மழைக்கோட்டை அணிந்துகொண்டு நூலைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மார்போடு அணைத்தபடி நின்றார்.

“மிஸ் கார்னி, விதி...” என்றேன்.

“உசாத்துணை நூல் உசாத்துணைப் பகுதியை விட்டு வெளியேறக்கூடாது. அது வெளியேறவில்லை. பகுதி அதனோடு வருகிறது” என்றார்.

நோயாளர் விடுதியில் எங்களுக்கு முன்னரே வைத்தியரும் முகவரும் வந்திருந்தனர். வைத்தியர் இளம்பெண், களைத்த முகம். “சில வேளைகளில் இத்தகைய நோயாளிகள் பின்னர் கற்ற மொழியை இழந்து, தாய்மொழியைத் தக்கவைத்துக்கொள்வதுண்டு. அப்படித்தான் இருக்குமென்று நான் நினைத்தேன். ஆனால் இது ஒரு மொழிதான் என்று எனக்குக் காட்டுவதற்கு எவருமில்லை” என்றார். முகவர் ஹால் என்பவர் பருத்த உடலினர். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். கெட்டவரல்லர். தீர்க்க வேண்டிய காரியம் ஒன்று அவருக்கிருந்தது, அவ்வளவே.

“கப்பல் என்னிடம் தெளிவாகச் சொன்னது. அவர் ரஷ்ய மொழி நன்றாகப் பேசுவார். இப்போது பேசவில்லை. அதற்கு என்ன பொருள்?” என்றார்.

“அதைத்தான் பார்க்கப் போகிறோம்” என்று மிஸ் கார்னி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, நூலை மடியில் விரித்தார்.

சொற்களின் பழைமையை ஆராயும் நூலில் ‘தங்களுக்கு எங்கே வலிக்கிறது?’ போன்ற வாக்கியங்கள் இரா. ஆனால் ஒரு மொழியின் மிகப் பழைய சொற்கள் எவை? தலை, கை, நீர், தாய், வீடு. நோயுற்றவனுக்கு வேண்டியவையும் அவையே. நூலின் கடைசியிலிருந்த ஆங்கிலச் சொல்லடைவில் நான் சொல்லைத் தேடினேன். மிஸ் கார்னி பக்கத்தை எடுத்து வைத்தியருக்குக் காட்டினார். வைத்தியர் அச்சொல்லை உச்சரித்தார்.

“தோன்?” என்றார் முதலில். நீர் என்பது பொருள்.

போரிஸின் பேச்சு நின்றது. வைத்தியரை உற்றுப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த குவளையைச் சுட்டி, வேண்டாமென்று தலையாட்டினார்.

“சர்?” தலை. அவர் இடக்கையால் நெற்றியைத் தொட்டு, அத்துணை மோசமில்லை என்பதுபோல் உள்ளங்கையை அப்படியும் இப்படியும் அசைத்தார். வைத்தியர் சிரித்துவிட்டார். அவர் முகத்தில் நான் கண்ட முதற் சிரிப்பு அது.

முகவர் மட்டும் இன்னும் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “நாய்க்குட்டிக்கும் சொல் விளங்கும். பேசத் தெரியுமா?” என்றார்.

“அண்ணே, அவரு தினமும் கேக்குற வரியப் பாருங்க” என்று லெட்சுமி தமிழில் பரபரத்தார். “மே நவ் கம் இஸ். அதான்.”

அவ்வரியைக் கேட்டதும் போரிஸ் கட்டிலில் எழுந்தமர முயன்றார். “மே நவ் கம் இஸ்?” என்று லெட்சுமியை நோக்கிக் கேட்டார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார்.

நான் தேடினேன். ‘மே’ எளிதில் அகப்பட்டது: என், என்னுடைய. ‘கம்’: எங்கே. ‘இஸ்’: இருக்கிறது. எஞ்சியது ஒரு சொல். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதே, நம் பழைய நூல்களிலெல்லாம் மிதக்கும் நாவாய் என்னும் சொல் என் நெஞ்சில் வந்து நின்றது. வாய் திறக்கவில்லை. பக்கத்தைக் கண்டுபிடித்து மிஸ் கார்னியின் பென்சிலுக்குக் கீழே நகர்த்தினேன். அவர் வாசித்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். நூலைத் தூக்கி வைத்தியரிடம் நீட்டினார்.

“கப்பல்” என்று வாசித்தார் வைத்தியர். பின்னர் மெதுவாக, “என் கப்பல் எங்கே இருக்கிறது?” என்றார்.

அவ்விடத்தில் அதற்கு மறுமொழி சொல்லத்தக்கவர் ஒருவர்தாம் இருந்தார். நாங்கள் அனைவரும் அவரைப் பார்த்தோம். தொப்பி சுழல்வது நின்றிருந்தது.

“கடவுளே, இதையா இந்த மனிதன் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார்?” என்றார் ஹால்.

அவர் தொப்பியைக் கட்டிலின்மேல் போட்டுவிட்டுப் போரிஸின் பக்கத்தில் அமர்ந்தார். சட்டைப்பையிலிருந்த கடித உறையொன்றைக் கிழித்து விரித்து, அதன் உட்புறத்தில் இந்நாட்டின் இரு தீவுகளையும் வரைந்தார். தெற்கே வெகுதூரத்தில் ஒரு சிறு கப்பல்; அதன் கீழே வலையும் மீன்களும். அங்கிருந்து வளைந்து இத்துறைமுகத்துக்கு வரும் ஓர் அம்புக்குறி. “நவ்” என்று கப்பலைத் தொட்டுச் சொன்னார். எப்போது வருமென்று வரையத் தெரியாமல் என்னை நோக்கினார். நான் பக்கம் தேடி, திங்களுக்கும் மாதத்துக்கும் அவர்களிடமும் ஒரே சொல் என்று கண்டு, “மேய்” என்றேன். ஹால் ஒரு பிறை வரைந்தார்.

போரிஸ் அப்படத்தை வெகுநேரம் பார்த்தார். பின்னர் ஒரு விரலை உயர்த்தி, “இவ் மேய்?” என்று கேட்டார்.

“ஒன்று. ஒரே ஒரு மாதம்” என்று ஹால் தாமும் ஒரு விரலை உயர்த்தி ஆங்கிலத்தில் சொன்னார்.

வைத்தியர் நோயாளியின் அட்டையை எடுத்துக்கொண்டு, “இவர் இங்கேயே இருப்பார்” என்றார். எவரும் மறுக்கவில்லை. மிஸ் கார்னி நூலை மூடி, உறையிலிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மழைக்கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார். பொத்தானும் துளையும் அவருக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ரஷ்ய மொழி அவருக்குச் சிறிது சிறிதாகத் திரும்பியதையும், கப்பல் மீண்டு வந்தபோது அவர் தம் கால்களாலேயே நடந்து ஏறிச் சென்றதையும் பின்னர் லெட்சுமி சொல்லித்தான் அறிந்தேன். நான் கண்ணால் கண்டது அன்றைய பிற்பகல் மட்டுமே. வைத்தியரும் முகவரும் மிஸ் கார்னியும் தாழ்வாரத்துக்குச் சென்றுவிட, நான் சிதறிக் கிடந்த தாள்களைச் சேகரிப்பதற்காகப் பின்தங்கினேன். போரிஸ் அந்தக் கடித உறையை நெஞ்சின்மேல் வைத்து, அசையும் கையால் அதனை மூடியிருந்தார். அவர் உதடுகள் அசைகின்றனவா என்று பார்த்தேன். அசையவில்லை.

லெட்சுமி திரைச்சீலையைச் சத்தமின்றி இழுத்து, யன்னல் வெளிச்சத்தை மறைத்தார்.

“மருந்து குடுத்தனீங்களோ?” என்று கிசுகிசுத்தேன்.

“இல்லண்ணே. இன்னிக்குத்தான் தானா தூங்குறாரு. நீங்க போங்க, பேப்பரெல்லாம் நான் எடுத்து வைக்கிறேன்.”

நான் காலணிகள் ஒலிக்காதபடி நடந்து வெளியே வந்தேன்.